வயலுக்கு வந்த நிதி

இயற்கை உரத்தில் மஞ்சள் விளைவிக்கும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு, ஆராய்ச்சியாளர் பூங்கோதை நிதிக்குழுவின் தலைவர் ஆளவந்தார் முன் நின்றாள். அதற்காகவே விவசாயி நாச்சிமுத்து போன வருஷத்திலிருந்து தன் வயலை ரசாயனமே படாமல் வைத்திருந்தார்.

"மொதல்ல விளைச்சலைக் காட்டும்மா. அப்புறம் பணம் தர்றேன்," என்றார் தலைவர்.

"மொதல்ல பேரனைக் காட்டு, அப்புறம் பொண்ணு தர்றேன்னு உங்க மாமனார் சொல்லியிருந்தா என்னங்கய்யா பண்ணியிருப்பீங்க?"

குழுவே சிரித்துவிட்டது. தலைவர் முகம் சிவக்கக் கையெழுத்துப் போட்டார்.

பூங்கோதை அடுத்த பஸ்ஸிலேயே வயலுக்கு ஓடினாள். நாச்சிமுத்து வரப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"காலையிலதான் யூரியா போட்டேன் அம்மிணி. இனிமே பணம் வராதுன்னு நெனச்சுட்டேன்."

போன வருஷமும் தலைவர் முதலில் விளைச்சலைத்தான் கேட்டார். அன்றே இப்படித் திருப்பிக் கேட்காமல் வந்துவிட்டோமே என்று நொந்தபடி பூங்கோதை நாச்சிமுத்துவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.