வாலை ஊன்றிய டைனோசர்

வேலூரில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே டைனோசர்கள். வெளியே ஏகாம்பரம். வயது எழுபதுக்கு மேல். அவற்றைப் பொம்மை என்று சொன்னால் சண்டைக்கு வருவார்.

அலமாரியில் இடம் போதவில்லை. இரண்டு டைரனோசர்களில் ஒன்று பழைய சாமான் பெட்டிக்குப் போக வேண்டும். ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்தார்.

புதியது வெளிநாட்டுச் சரக்கு. நாக்கில்கூடச் சுருக்கம் தெரியும். பழையது ஆற்காட்டுத் திருவிழாக் கடையில் வாங்கியது. கண்ணில் இருக்கவேண்டிய மை கன்னத்தில் இருந்தது.

"மூஞ்சியை விடு," என்றது புதியது. "வாலைத் தரையில் ஊன்றி நிற்கிறாயே, வெட்கமாயில்லை? நம் இனம் வாலைத் தூக்கித்தான் நடந்தது. ஆராய்ச்சியிலேயே சொல்லிவிட்டார்கள்."

"சொல்லட்டும். நான் விழாமல் நிற்கிறேன். நீ போன சித்திரை வெயிலில் கால் இளகிக் குப்புற விழுந்தாய். பெரியவர் வெந்நீரில் முக்கி நிமிர்த்தினாரே, மறந்துபோச்சா?"

"அது வெயிலின் குற்றம்."

"விழுகிறவனெல்லாம் அதைத்தான் சொல்கிறான்."

ஏகாம்பரம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "அசல் எதையும் ஊன்றி நிற்காது. இது தரமில்லை," என்று உரக்கவே சொன்னார். பழையது அவர் காலடியில் இருந்த பெட்டிக்குள் விழுந்தது.

கைத்தடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. மெல்லச் சரிந்து அதுவும் பெட்டிக்குள் போய்ப் படுத்தது.

"நீ எதுக்கு வந்தே?" என்றது பழையது.

"உன் வால் செய்கிற வேலையைத்தான் நானும் செய்கிறேன். எனக்கு மட்டும் வெளியே என்ன மரியாதை?"

அடுக்களையிலிருந்து அவர் மனைவி தெய்வநாயகி கூப்பிட்டாள். "சோறு ஆறுது, வாங்க."

ஏகாம்பரம் கையை நீட்டினார். தடி இல்லை. எழப் பார்த்தார். முழங்கால் 'என்னால் ஆகாது' என்றது. பொத்தென்று உட்கார்ந்தார்.

"நாயகி, என் தடி எங்கே?"

அவள் எட்டிப் பார்த்தாள். பெட்டியையும் பார்த்தாள்.

"இப்பத்தானே சொன்னீங்க, அசல் எதையும் ஊன்றி நிற்காதுன்னு. எழுந்து வாங்க."

உள்ளே போய்விட்டாள்.

அலமாரிக்குள் புதியது, யாரும் பார்க்காதபோது, பக்கத்திலிருந்த மூன்று கொம்பு டைனோசர்மேல் லேசாகச் சாய்ந்துகொண்டது.

ஏகாம்பரம் குனிந்து, முனகிக்கொண்டே தடியை எடுத்தார். கூடவே பழையதையும் எடுத்தார். இடித்துப் பிடித்து இடம் பண்ணி, அலமாரியில் வைத்தார்.

கடைசி வரிசையில்தான். அவருக்கும் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.