பார்த்த வரிகள் பூஜ்யம்

எங்க ஆபீஸ்ல தணிகாசலம் அண்ணன் ரிவ்யூ பண்ண உக்காந்தா கம்ப்யூட்டருக்கே வேர்க்குமாம். இதை நான் சொல்லல. அவரேதான் சொல்லுவார், தெனமும் கேன்டீன்ல மூணு மணி டீக்கு.

நாங்க செய்யறது ஒரு சாஃப்ட்வேர். புரோகிராமருங்க எழுதற கோடை எல்லாம் பத்திரமா வெச்சிருந்து, யார் எந்த வரியை எப்ப மாத்துனாங்கன்னு காட்டிக் குடுக்கும். அது ஒழுங்கா ஓடுதான்னு தானாவே சோதிச்சுப் பாக்க டெஸ்ட்டுங்க உண்டு. டெஸ்ட்டுல யார் என்ன மாத்துனாலும் அண்ணன் படிச்சுட்டு ஓகே அமுக்கணும். இல்லைன்னா அது அங்கயே கெடக்கும்.

எங்க டீம் ஜெபசெல்வி எழுதுன டெஸ்ட்டு ஆறு நாளா கெடந்துச்சு. அன்னைக்கு நாலு மணிக்கு ரிலீஸ். அதுக்குள்ள ஓகே ஆனாத்தான் அஞ்சரை ரயிலைப் புடிச்சு, மறுநாள் நாகர்கோவில்ல அவ அக்கா நிச்சயதார்த்தத்துக்குப் போய் நிக்க முடியும்.

"அண்ணா, என்னோட டெஸ்ட்டு..."

"இரு கண்ணு, டீ ஆறிரும்." அண்ணன் ஒரு வாய் உறிஞ்சினார். "போன மாசம் இப்படித்தான் தொள்ளாயிரம் வரி வந்துச்சு. டீயைக் கையில வாங்கினேன், வாய்க்குக் கொண்டு போறதுக்குள்ள படிச்சு முடிச்சேன். நாலு தப்பு."

"டீ எங்கிருந்துண்ணா வந்துச்சு, மருதமலையில இருந்தா?"ன்னு கேட்டேன்.

"நசீரு, உனக்கு எப்பவும் நக்கல். மழைக்காலத்துல கரண்ட் போச்சே, அன்னைக்கு ஸ்கிரீன் கும்முனு இருட்டு. பக்கத்துல போய் மோந்து பாத்தேன். நூத்திப் பன்னெண்டாவது வரி ஊசிப்போயிருக்குன்னு சொன்னேன். கரண்ட் வந்ததும் பாத்தா, அதே வரி!"

"அண்ணா, மணி மூணு அஞ்சு,"ன்னா செல்வி.

"கேளு சாமி. நான் நாற்காலியை இழுக்கற சத்தம் கேட்டாலே, ஃபெயில் ஆகி செவப்பா நிக்கற டெஸ்ட்டெல்லாம் பச்சைக்கு மாறிரும். ஒரு டெஸ்ட்டு பயந்து போயி, தானே ஒரு மன்னிப்புக் கடுதாசி டைப் பண்ணி எனக்கு அனுப்பிருச்சு."

"கையெழுத்து போட்டுச்சாண்ணா?"

"போடல. அதனாலதான் திருப்பி அனுப்புனேன்! அதை விடு. அடுத்த வாரம் ஒருத்தன் எழுதப் போற டெஸ்ட்டை நான் இந்த வாரமே ரிஜெக்ட் பண்ணிட்டேன். அவன் இன்னும் வேலைக்கே சேரல, பாத்துக்க!"

செல்வி கண்ணுல தண்ணி முட்டிருச்சு. "அண்ணா, எனக்கு ரயில் போயிரும்."

அதைப் பாத்ததும் மனுஷன் உருகிட்டார். "ஏங்கண்ணு, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? உன்னோடதை எப்பவோ மனசுக்குள்ள படிச்சாச்சு." போனை எடுத்தார், ஓகேவை அமுக்கினார்.

உடனே டீம்ல அத்தனை பேர் போனும் கிணுகிணுத்துச்சு. 'தணிகாசலம் ஓகே கொடுத்தார். பார்த்த வரிகள்: பூஜ்யம். ஏற்கப்படவில்லை.'

அண்ணன் டம்ளரைக் கீழ வெச்சார். "இது என்ன கண்ணு?"

"இதுதாண்ணா நான் செஞ்ச வேலை. படிக்காம ஓகே அமுக்குனா காட்டிக் குடுத்துரும். காலையில இருந்து சும்மா சோதனைக்கு நம்ம டீமுக்கு மட்டும் ஓடுது. இதுக்கான டெஸ்ட்டுதான் உங்ககிட்ட ஆறு நாளா இருக்கு."

கேன்டீனே சிரிச்சுச்சு. எனக்கு வயிறு வலியே வந்துருச்சு. ஆனா அண்ணன் சிரிக்கல. செல்வியோட லேப்டாப்பை வாங்கித் தொறந்தார். முந்நூத்தி நாப்பது வரி. மொத தடவையா நிஜமாவே படிக்க ஆரம்பிச்சார், ஒவ்வொரு வரியா விரல் வெச்சு.

நாப்பத்தோராவது வரியில விரல் நின்னுச்சு. "செல்வி, ஏதோ சரிபாக்கறப்ப இந்த டெஸ்ட்டை ஓட வேண்டாம்னு ஆஃப் பண்ணியிருக்க. மறுபடி ஆன் பண்ணவே இல்லையே."

அவ எட்டிப் பாத்தா. மூஞ்சி வெளுத்துருச்சு. "ஐயோ, ஆமாண்ணா! இது ஓடவே இல்ல, அதான் ஃபெயிலும் ஆகல. அப்படியே போயிருந்தா என் மானம் போயிருக்கும்."

"கண்ணை மூடிக்கிட்டே கண்டுபுடிச்சேன் பாத்தியா? இப்படித்தான் ஒரு நாள்..."

"அண்ணா, இன்னும் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது வரி இருக்கு."

செல்வி அந்த டெஸ்ட்டை ஆன் பண்ணிக் குடுத்தா, அண்ணன் வாயை மூடிக்கிட்டுப் படிச்சார். அந்த அதிசயத்தை நான் பாத்தேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. மூணு அம்பத்திரண்டுக்கு ஓகே விழுந்துச்சு, செல்வி பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனா.

மறுநாள் டீக்கு பக்கத்து டீம் ஆளுங்களும் வந்துட்டாங்க. அண்ணன் ஆரம்பிச்சார். "நாலாயிரம் வரி. மூணு நிமிஷம். அதுல ஒரு டெஸ்ட்டு ஆஃப் ஆகித் தூங்கிட்டிருந்துச்சு, நான் கனைச்சேன் பாருங்க..."

எல்லார் போனும் கிணுகிணுத்துச்சு. நாகர்கோவில்ல இருந்து செல்வி. பட்டுச் சேலையில அக்காவும் அவளும் நிக்கற போட்டோ, கீழ ரெண்டு வரி.

'அண்ணனுக்கு ரொம்ப நன்றி. மணி மூணு ஆச்சு, இப்ப எத்தனை வரின்னு சொல்லிட்டிருக்கார்?'