தாகசாமிக்குக் கொடுத்த வாக்கு

சொல்கிறேன், உட்காருங்கள். ஆனால் ஒரு தடவைதான் சொல்வேன். நடுவில் "அப்புறம், அப்புறம்" என்று பிடுங்கக் கூடாது. இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாருமே அலுத்துப்போனவர்கள். சொல்கிற எனக்கும் அலுப்புத்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஒச்சம்மாள் என்பவளின் வெங்காயக் கொல்லையில் ஒரு மத்தியானம் வானத்திலிருந்து கல் ஒன்று விழுந்தது. பூசணிக்காய் அளவு, கன்னங்கறுப்பு. வானத்திலிருந்து வந்ததை ஊர் சும்மா விடுமா? வேப்பமரத்தடியில் தூக்கி வைத்து, மஞ்சள் பூசி, வெள்ளிதோறும் பால் ஊற்றினார்கள். ஊற்றிய பாலில் ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை. "ரொம்பத் தூரம் வந்த களைப்பு, சாமி தவிச்சுக் கெடக்கு" என்று ஒச்சம்மாள் இன்னொரு செம்பும் ஊற்றினாள். தாகசாமி என்று பேரும் நிலைத்துவிட்டது.

கனகவல்லி மதுரைக் கல்லூரி ஒன்றில் விண்கற்களை ஆராய்கிறவர். வந்து கல்லைக் கேட்டார். சாமியைத் தூக்கிக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? ஒச்சம்மாள்தான் பேசி ஊரை இறங்கிவர வைத்தாள். கனகவல்லி எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்: "ஓரத்துல ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கிறேன். மிச்சத்துல கத்தி படாது. பங்குனிப் பொங்கலுக்குள்ள கொண்டுவந்து வச்சிடறேன்." சாமி பால் குடித்த கதையையும் அவரிடம் சொன்னார்கள். பக்திப் பேச்சு என்று சிரித்துக்கொண்டார்.

அந்த ஓரத்துண்டைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது, குச்சி குச்சியாகச் சில உருவங்கள் தெரிந்தன. எந்தக் காலத்திலோ, எந்த உலகத்திலோ வாழ்ந்த கிருமிகளின் தடமோ? கனகவல்லி அன்றைக்கே உட்கார்ந்து உலகத்துக்கு எழுதினார். உலகம் சிரித்தது. "பால் ஊற்றிய கல் அல்லவா? உங்கள் ஊர்ப் பால் கிருமிதான் அது" என்றார்கள். பதில் எழுதினார், மறுபடியும் சிரித்தார்கள். இப்படியே வருஷங்கள் போயின. பங்குனிதோறும் ஊரிலிருந்து போன் வரும். "அடுத்த வருஷம்" என்பார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

அவரோடு வேலை பார்க்கும் எட்வின் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"மேடம், மிச்சக் கல்லை நடுவுல பிளந்திருவோம். மேல ஊத்தின பால் நடுவயிறு வரைக்கும் போகாது. அங்கேயும் அதே உருவம் இருந்தா ஒரு பயல் வாயத் திறக்க முடியாது. பூமிக்கு வெளிய உயிர் இருந்துச்சாங்கறது மனுஷ குலத்தோட கேள்வி. ஒரு ஊர்ப் பொங்கலுக்காக அதை மூடி வைக்கலாமா?"

"வாக்குக் கொடுத்துட்டேனே, எட்வின்."

"அப்ப இத்தனை வருஷம் எதுக்கு உழைச்சோம்?"

கனகவல்லி கல்லைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனார். வாக்கிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கத்தான் போனார். ஒச்சம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"என்ன டீச்சரம்மா, இப்பிடி எளச்சுப் போயிட்டீக? கொண்டுபோயி வெட்டிப் பாத்துக்கங்க. ஊரு ஏசுனா என்னைய ஏசட்டும்."

அப்பாடா என்று கல்லோடு திரும்பியிருக்கலாம். கனகவல்லி திரும்பவில்லை. கல்லை வேப்பமரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பிளந்தே ஆகவேண்டும் என்றார் எட்வின். ஊரின் ஏச்சைத் தான் வாங்கிக்கொள்கிறேன் என்று வாக்கை விட்டுக்கொடுத்தாள் ஒச்சம்மாள். விட்டுக்கொடுத்த பிறகும், நாள் தவறினாலும், கத்தி படாது என்ற வாக்கைக் காப்பாற்றினார் கனகவல்லி. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் செய்தது சரி?

எட்வின் பக்கம் கை தூக்கினவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ஊற்றிய பாலில் ஒரு சொட்டும் தரைக்கு வரவில்லை என்றேனே, காதில் விழுந்ததா? அத்தனை பாலும் எங்கே போயிற்று? நடுவயிற்றுக்குத்தான். அங்கே உருவம் இருந்தாலும் பால் என்பார்கள். இல்லாவிட்டால் முதலில் கண்டதே பொய் என்பார்கள். பிளந்திருந்தால் கல்லும் போயிருக்கும், வாக்கும் போயிருக்கும், கேள்வி மட்டும் அப்படியே நின்றிருக்கும். ஒச்சம்மாளின் மனசு பெரிய மனசு, ஆனால் அவள் கொடுத்த அனுமதியால் ஒன்றும் ஆகியிருக்காது. சரியாகச் செய்தவர் கனகவல்லி. அதையும் தெரியாமலே செய்தார். அன்று ஒச்சம்மாள் ஒரு செம்புப் பாலைக் கொண்டுவந்து கல்மேல் ஊற்றினாள். கனகவல்லி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. இத்தனை வருஷமும் அழாதவர் அப்போது வாய்விட்டு அழுதார். ஒச்சம்மாளுக்கு ஏன் என்று தெரியவில்லை. "அழுகாதீக" என்று சொல்லிவிட்டு, செம்பில் மிச்சமிருந்த பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள்.