இருநூற்றுப் பத்து விநாடி

“எழுப்பி விட்ட உடனே விழுந்துடுதும்மா. ஏன் நிக்க மாட்டேங்குது?” என்றான் செங்கோடன்.

தில்லைநாயகி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வந்த இரண்டாம் நாள், முற்பகல். ஆற்றங்கரை ஊர்களில் மொட்டை மாடியில் நிற்பவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் மீட்புப் படகு வரவேண்டும். அந்தக் கோரிக்கைகளை வாங்கும் சர்வர்தான் விழுந்து கிடந்தது.

அதைக் கட்டியவன் செங்கோடன். அவனுக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் தில்லைநாயகி. அவனைவிட நாலு வயது இளையவர்தான். ஆனாலும் அவர் எதிரில் அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததில்லை.

ஒன்பதாவது முறை எழுப்பினான். பதினொரு விநாடி நின்றது. விழுந்தது.

மாடியில் நிற்பவர்களில் அவன் அக்கா பூங்காவனமும் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு. சர்வரோடு மல்லுக்கட்டியபடியே அவளுக்கும் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தான். லைன் பிஸி என்றே வந்தது.

“பதில் வரலேன்னா போன் என்ன பண்ணணும்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார் தில்லைநாயகி.

“ஒரு விநாடி கழிச்சுத் திரும்பக் கேக்கும்மா. பதில் வர்ற வரைக்கும் விடாது.”

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தண்ணீர் சூழ நிற்கிறவனிடம், ஒரு தடவை கேட்டாயிற்று, சும்மா இரு என்று சொல்ல அவனுக்கு மனசு வராது.

“எத்தனை போன்?”

“பன்னிரண்டாயிரம்.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது: எழுந்த உடனே விநாடிக்குப் பன்னிரண்டாயிரம் தட்டல் அதன் மேல் விழுகிறது.

தில்லைநாயகி சர்வரைத் தொடவில்லை. அதன் வாசலில் காவல்காரன் மாதிரி சின்னதாக ஒரு கணினி நிரலை எழுதி நிறுத்தினார். இருபது வரி இருக்கும். கதவைத் தட்டுகிறவர்களுக்கு அது படகு தராது, ஒரு எண்ணைத்தான் தரும். இத்தனை விநாடி கழித்து வா, உள்ளே விடுகிறேன். குலுக்கிப் போட்ட எண்கள். ஒருவருக்கு மூன்று, பக்கத்து வீட்டுக்கு முந்நூறு.

சர்வர் பொறுக்கச் சொன்னால் போன் பொறுக்க வேண்டும் என்று போன வருஷமே ஒரு வரி எழுதச் சொன்னவர் அவர்தான். இது எதற்கு ஆகப்போகிறது என்று முனகிக்கொண்டே எழுதியவன் செங்கோடன்.

“இப்ப எழுப்புங்க.”

எழுப்பினான்.

பதினொரு விநாடி ஆயிற்று. பன்னிரண்டு. இருபது.

வரும் கோரிக்கைகளின் கணக்கைக் காட்டித் திரையில் செங்குத்தாக நின்ற கோடு சரிந்து தணிந்தது. பன்னிரண்டாயிரம் போன்களும் ஆளுக்கொரு எண்ணை வாங்கிக்கொண்டு அமைதியாகிவிட்டன. பிறகு அந்த அமைதியிலிருந்து கோரிக்கைகள் வரிசையாக உள்ளே வந்தன. படகுக்காரர்களுக்கு ஊர்ப் பெயர்கள் போயின. சர்வர் இத்தனை நேரமும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது, கும்பிடத் தோன்றியது.

அக்காவுக்கு விழுந்த எண்ணைத் தேடினான். இருநூற்றுப் பத்து விநாடி.

அதை ஒன்று என்று மாற்ற அவனால் முடியும். கை விசைப்பலகைக்குப் போனது. தில்லைநாயகி தடுக்கவில்லை.

“மத்தவங்களுக்கும் தம்பிங்க இருப்பாங்க,” என்றார்.

கையை எடுத்தான். வாய்க்குள்ளேயே எண்ணினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மூன்றரை நிமிஷம் வந்ததில்லை.

இருநூற்றுப் பத்தில் அந்த வரி வந்தது. பூங்காவனம், மூன்று பேர். காலையிலிருந்து அவள் போன் பதினாலாயிரம் தடவை கேட்டிருந்தது. அத்தனைக்கும் போனது ஒரே படகு; கொஞ்ச நேரத்தில் அது அவள் தெருமுனை வரை வந்துவிட்டதாகத் திரை காட்டியது.

செங்கோடன் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான்.

பிஸி.

கட்டைவிரல் மறுபடி அழுத்தப் போனது. அங்கேயே நின்றது.

அவன் போனை மேஜைமேல் வைத்தான். கைகளைக் கட்டிக்கொண்டான். தில்லைநாயகி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது.

“காலையிலேருந்து உனக்கு அடிச்சுக்கிட்டே இருக்கேன்டா,” என்றாள் அக்கா. “எப்பப் பாரு, உன் லைனு பிஸியாவே இருக்கு.”