வாங்க முடியாத கடிகாரம்

புதுச்சேரியில் பழம்பொருட்களை மதிப்பிட்டுச் சொல்லும் பிலோமின் அம்மாளிடம் மாசிலாமணி சீடராகச் சேர்ந்தபோது, அவர் அம்மாளைவிட வயதில் மூத்தவர். அச்சகத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். கடிகாரங்கள் என்றால் அவருக்கு உயிர்.

ஒருநாள் ரொசாரி என்ற செவிலி, போர்வையில் சுற்றிய ஒரு கடிகாரத்தை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குளிர் தேசத்து வீடுகளில் கணப்பின் மேல் வைக்கும் அலங்காரக் கடிகாரம் அது. கறுப்புப் பளிங்குப் பீடம். மேலே குடத்தைச் சாய்த்தபடி ஒரு பெண் சிலை.

கடைசிவரை தான் பார்த்துக்கொண்ட கிழவி இதைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போனதாக ரொசாரி சொன்னாள். கிழவியின் அண்ணன் மகன், இது ஓட்டை உடைசல், கொடுத்துவிடு, புதுச் சுவர்க் கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்கிறானாம். மாலையில் வருவானாம்.

“அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை” என்றாள்.

கடிகாரத்தைப் பார்க்கும்படி அம்மாள் மாசிலாமணியிடம் சொன்னார்.

பார்த்ததுமே அது தனக்கு வேண்டும்போல் இருந்தது அவருக்கு. தன் வீட்டுக் கூடத்தில் அதை எங்கே வைக்கலாம் என்றுகூட மனம் போய்விட்டது. பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். எண்கள் எழுதிய வெள்ளைத் தட்டில் மயிரிழை விரிசல். பெரிய முள் பிற்காலத்தில் மாற்றியது. சிலையின் தோளில் பொன்முலாம் தேய்ந்துவிட்டது. பளிங்கின் ஒரு மூலை சிதைந்திருக்கிறது.

“பெரிய மதிப்பு ஒன்றும் இருக்காதம்மா” என்று முடித்தார்.

ரொசாரி தலையாட்டிவிட்டுப் போர்வையை எடுத்தாள்.

“கொஞ்சம் இரும்மா” என்றார் பிலோமின் அம்மாள். “இந்தக் கடிகாரத்தை நான் வாங்கப் போவதில்லை. இவரும் வாங்க மாட்டார். நீயே கொண்டுவந்து நீட்டினாலும், என்றைக்கும். சரிதானே சார்?”

மாசிலாமணி கடிகாரத்திலிருந்து கையை எடுத்தார். கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது அவருக்கு.

“சரி” என்றார்.

“இப்போது இன்னொரு முறை பாருங்கள்.”

அவர் கடிகாரத்தை மெல்லத் திருப்பினார். முலாம் தேய்ந்த இடத்தில் தெரிந்தது மலிவான சிலைகளில் இருக்கும் வெளிறிய துத்தநாகம் அல்ல, மஞ்சள் வெண்கலம். வார்த்த பிறகு ஒருவன் உட்கார்ந்து சிலையின் கூந்தலை இழை இழையாக உளியால் செதுக்கியிருந்தான். பின்கதவைத் திறந்தார். இயந்திரத்தின் தகட்டிலும் ஊசல் குண்டிலும் ஒரே எண் பொறித்திருந்தது. ஊரும் கடலும் தாண்டி வந்தும் இரண்டும் பிரியவே இல்லை.

ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டினார். பிரான்சில் செய்தது, நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்றார். விரிசலையும் மாற்றிய முள்ளையும் கழித்தாலும், ஏலத்தில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குப் போகும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

ரொசாரி சிரிக்கவில்லை. சிலையின் பாதத்தை முந்தானையால் துடைத்தாள்.

“அப்படியானால், அவருக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள்.

“சாயங்காலம் வருகிறார் இல்லையா, அவரிடமே கேள்” என்றார் அம்மாள்.

அவள் போன பிறகு மாசிலாமணி மேசையை ஒழுங்குசெய்வதுபோல நின்றுகொண்டிருந்தார். ஒழுங்குசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

“முதலில் நான் சொன்னதிலும் பொய் எதுவும் இல்லையே, அம்மா” என்றார்.

“இல்லை சார்” என்றார் பிலோமின் அம்மாள். “பொய்யாக இருந்திருந்தால், ஒரு வார்த்தையில் திருத்தியிருப்பேன்; என் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.”