லேமினேட் போட்ட சீட்டு

“முப்பது வருஷம் இதயத்தைப் படிச்சவன் நான். என்னைப் போய்ப் பிள்ளைங்க தொண்டையைப் பாருங்கறீங்க.”

நாலு நாளாக இதே வாக்கியம். ஒரு சொல் கூட மாறவில்லை.

சொன்னவர் டாக்டர் ஜெயசீலன். வயது ஐம்பத்து நாலு. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியை உதறிவிட்டு, இந்தத் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தவர்.

கற்றுத்தரும் டாக்டர் வசுமதி, அவரைவிடப் பத்து வயது சின்னவர். பதினோரு நாடுகளில் ஏழைப் பிள்ளைகளின் இதயத்தைப் பார்த்தவர். ஜெயசீலனுக்கு அந்த உறுத்தல் வேறு.

“தொண்டைப் புண்ணைக் கவனிக்காம விட்டா காய்ச்சல், மூட்டுவலி, கடைசியில இதய வால்வு கெட்டுப்போகும். பாடப் புத்தகத்துலயே இருக்கு, மேடம். அதுக்கு நர்ஸ் போதாதா?”

“போதும்.”

“அப்ப நான் எதுக்கு?”

“அதைத்தான் நானும் நாலு நாளா யோசிக்கிறேன், டாக்டர்.”

“இன்னைக்கே கிளம்பறேன்.”

“பஸ் நாலரைக்கு.”

வசுமதி ஊசியில் மருந்தை ஏற்றினார். பிறகு பிள்ளைகளோடு காத்திருந்த தாய்மார் வரிசையைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“பாக்கியம், அந்தச் சீட்டை சாருகிட்ட காட்டும்மா.”

கொழுந்து பறிக்கும் பெண், ஒரு கையில் மகளைப் பிடித்தபடி வந்தாள். பையிலிருந்து லேமினேட் போட்ட தாள் ஒன்றை எடுத்து, சாமி படத்தை நீட்டுவதுபோல் நீட்டினாள்.

‘இதயத்தில் குறை இல்லை. மறுபடி வரத் தேவையில்லை.’

“என் மூத்தவனுக்குக் குடுத்தது சார். ரெண்டு வருஷம் முன்னாடி முகாம் போட்டாங்க, பெரிய டாக்டர் வந்து எழுதினாரு.”

கையெழுத்து அவளுக்குப் புரியாது. ஜெயசீலனுக்குப் புரிந்தது. அவருடையது.

அன்றைக்கு அதில் பொய் இல்லை.

“அப்புறம் தொண்டை வலின்னான். நர்ஸம்மா ஊசி போட வீடு தேடி வந்துச்சு. பெரிய டாக்டரே ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாரு, நீ என்ன வந்துட்டேன்னு சண்டை போட்டு அனுப்பிட்டேன்.”

“பையன் எங்கே?”

“உள்ள படுத்திருக்கான் சார். மூச்சு வாங்குது. வால்வு போயிருச்சாம்.”

ஜெயசீலன் வசுமதியைப் பார்த்தார். அவர் அடுத்த ஊசிக்கு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலன் தரையில் முழங்காலிட்டார். சின்னவள் வாயைத் திறந்தாள். தொண்டை ரத்தச் சிவப்பு.

“இவளுக்கு இப்பவே ஊசி. வரிசையில இன்னும் எத்தனை பேர்?”

“நூத்தி நாப்பது,” என்றார் வசுமதி.

“ஒருத்தரும் வீட்டுக்குப் போகக் கூடாது.”

மணி நாலேகால். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பாக்கியம் நகரவில்லை. தாளைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

“நீங்களும் பெரிய டாக்டர்தானாமே சார். இவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்களேன்.”