சாமரம் பட்டுச் சரிந்த விளக்கு

வெகு காலத்துக்கு முன்னால் செங்கோட்டூர் நாட்டை வீரகேசரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவன் கழுத்தில் முத்துமாலை போடுவார், மாலையில் அதே கழுத்தைச் சீவச் சொல்லுவார். அரண்மனையில் எல்லோரும் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அவருக்குச் சாமரம் வீசுகிறவள் நாகவல்லி. ஒருநாள் அவள் வீசிய சாமரம் குத்துவிளக்கில் பட்டது. விளக்கு சரிந்து திரைச்சீலை பற்றிக்கொண்டது. தீயை அணைத்துவிட்டார்கள். ஆனால் ராஜாவின் இடப்பக்க மீசை கருகிப்போயிருந்தது.

அவளை வேலையில் சேர்த்தவர் மந்திரி இளஞ்சாத்தனார். அவரைக் கண்டாலே ஆகாத தளபதி மாறவேள் சும்மா இருப்பாரா?

"பிரபு, இது கொலை முயற்சி! இவளை யானைக் காலில் இட வேண்டும்."

நாகவல்லி தரையில் விழுந்து கும்பிட்டாள். "சாமி, கை தவறிப்போச்சு..." என்றாள்.

"கொல்லும் எண்ணம் அவளுக்கு இருந்ததா என்று விசாரிக்க வேண்டாமா?" என்றார் மந்திரி.

"எண்ணத்தை எவன் கண்டான்? செய்த கைக்குத்தான் தண்டனை! இன்று முதல் இதுவே சட்டம்" என்று உறுமினார் ராஜா. "நாளை சபை கூடியதும் இவள் கதை முடியும்."

மறுநாள் சபை கூடியது. வாசலில் யானை பிளிறியது. நாகவல்லி தூணைப் பிடித்துக்கொண்டாள். ராஜாவுக்கு வெற்றிலை கொடுப்பது மாறவேளின் தனிப் பெருமை. வழக்கம்போல் தட்டிலிருந்த சுருளை எடுத்துப் பணிவோடு நீட்டினார்.

ஒரு கடிதான். "ஐயோ! எரியுதே!" ராஜா துப்பினார். உள்ளே அவ்வளவு சுண்ணாம்பு. நாக்கு வெந்துவிட்டது.

மாறவேள் காலில் விழுந்தார். "பிரபு! எனக்கு ஒன்றும் தெரியாது! என் பிள்ளைகள் மேல் ஆணை!"

"அவருக்குத் தெரியாதுதான்" என்று எழுந்தார் மந்திரி. "சுண்ணாம்பைத் தடவி மடித்து வைத்தவன் நான்."

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று.

"பிரபு, உங்கள் சட்டப்படி கொடுத்த கைக்குத்தான் தண்டனை. தளபதி சாக வேண்டும். திட்டம் போட்ட நான் வீட்டுக்குப் போகலாம். நான் வைத்தது சுண்ணாம்பு. நாளை ஒருவன் விஷம் வைத்தால்?"

வாள் பாதி உருவியபடியே நின்றது. ராஜா வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். சுற்றி நின்ற ஒவ்வொரு கையையும் பார்த்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவர் பயந்து யாரும் பார்த்ததில்லை.

"அந்தப் பெண்ணை விடுங்கள்" என்றார் மெதுவாக. "செயலும் வேண்டும், கெட்ட எண்ணமும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் குற்றம். அதை நிரூபிப்பது குற்றம் சாட்டுகிறவன் பொறுப்பு. மாறவேள், இதைத் தெருத்தெருவாக நீரே பறையறைந்து சொல்லும். மந்திரியாரே, உமக்குப் பத்துக் கிராமம் பரிசு. என் நாக்கைச் சுட்டதற்கு ஒரு மாதச் சிறை."

மந்திரி கும்பிட்டார். "இரண்டும் நியாயம் பிரபு."

பறையடித்து முடித்த தளபதி, அன்று மாலை சிறைவாசலுக்கு வந்தார். கூவிக் கூவிக் குரல் கம்மியிருந்தது. "ஒன்று கேட்கிறேன். ராஜா தம் சட்டத்திலேயே பிடிவாதமாக நின்றிருந்தால், நான் செத்திருப்பேனா?"

"ஆமாம்" என்றார் இளஞ்சாத்தனார். "அது தெரிந்துதான் மடித்தேன். இந்தக் கையைப் பாரும், இன்னும் நடுக்கம் நிற்கவில்லை."